அண்ணன் சொல்றாரு

ஏலத்தில் ஏணி முதலில் போயிற்று. வாங்கியவன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்ப, பின்முனை அரைவட்டமாகச் சுழன்று வந்தது. முற்றத்தில் நின்ற கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் குனிந்து ஒரே நேரத்தில் நிமிர்ந்தது. ஜன்னலுக்கு உள்ளேயிருந்து பாப்பா அதைப் பார்த்தாள். மூன்று நாள் தூங்காத கண்களுக்கு அவர்கள் எல்லாரும் குளத்துக்கு அடியில் அசைகிற செடிகளைப் போலத் தெரிந்தார்கள்.

“எவ்வளவு?” என்றார் அண்ணன்.

கட்டிலைத் தாண்டாத குரல். காதை அவர் வாயருகே கொண்டுபோனால்தான் சொல் பிடிபடும்.

“மூணரை ரூபா.”

“படி ஒண்ணு ஆடும். சொன்னியா?”

“வாங்கினவனே ஆட்டிப் பாத்துட்டுத்தான்ணா எடுத்தான்.”

அவர் திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஐம்பத்தோரு வயதிலும் அவள் பாப்பாதான். அண்ணன் கூப்பிட்ட பெயர். ஊரும் வேறு பெயர் தேடவில்லை. இரண்டு பேருக்கும் கல்யாணம் கூடிவரவில்லை. நிலம் குத்தகை நிலம், வீடு நிலத்தோடு சேர்ந்தது, இரண்டுக்கும் சொந்தக்காரர் எங்கோ நகரத்தில் இருந்தார். ஒன்பது வருஷத்துக்கு முன் வண்டி சாய்ந்து அண்ணனின் இடுப்பு முறிந்த பிறகு கலப்பை அவள் கைக்கு வந்தது. அவர் வரப்பில் உட்கார்ந்து வாயால் உழுதார். சந்தைக்கு மட்டும் அவரை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். ஏனென்றால் விலை பேச அவரை விட்டால் ஆளில்லை. பேசவே மாட்டார் என்பதுதான் அதில் விசேஷம். எதிராளி விலையைச் சொல்லுவான். அண்ணன் மாட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவன் காரணம் சொல்லுவான். அண்ணன் மாட்டையே பார்ப்பார். கடைசியில் அவனே தன்னோடு சண்டை போட்டுக்கொண்டு அவனே இறங்கி வருவான்.

டாக்டர் “அறுவடை தாண்டறது கஷ்டம்” என்று சொன்ன அன்றே அண்ணன் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டார். குத்தகையை விட்டுவிடுவது, சாமானையும் மாட்டையும் ஏலத்தில் விடுவது, ரயிலடி ஊரில் துணிக்கடை வைத்திருக்கும் தம்பி வீட்டுக்குப் பாப்பா போய்விடுவது. “நான் கண்ணை மூடறதுக்குள்ள முடிச்சிட்டா உனக்கு அலைச்சல் இல்ல பாரு” என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் அத்தனை பிரியம் இருந்தது. அவளை ஒரு வார்த்தை கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் தனக்கு என்ன சொல்லத் தெரிந்திருக்கும் என்று அவளுக்கும் தெரியவில்லை.

வெளியே நல்ல வெயில். அடித்த கதிரின் தூசி இன்னும் அடங்காமல் முற்றம் முழுக்கப் பொன்னாக மிதந்தது. சாமான்கள் அந்தத் தூசிக்குள் ஒவ்வொன்றாக மேலே எழுந்து, கொஞ்ச நேரம் ஏலக்காரர் கையில் நின்று, பிறகு தாமே நடந்து போவதுபோல் போயின. சங்கிலி, மண்வெட்டிகள், நீள பெஞ்சுகள் இரண்டு, தானியம் அளக்கும் மரப்பெட்டி. ஒவ்வொன்றுக்கும் ஏலக்காரர் ஜன்னல் பக்கம் திரும்புவார். பாப்பா குனிந்து காதைக் கொடுப்பாள். நிமிர்ந்து, “அண்ணன் சரிங்கறாரு” என்பாள். இல்லாவிட்டால், “அண்ணன் இன்னும் ரெண்டு கேக்கறாரு” என்பாள். ஏலம் முடியும்வரை யாரும் உள்ளே வர வேண்டாம் என்று அண்ணன் காலையிலேயே சொல்லியிருந்தார். படுத்த கோலத்தில் விலை பேசுவதை யாரும் பார்க்கக் கூடாதாம்.

வண்டி வந்தது.

“இருவது” என்றார் அரைவிலை. பக்கத்து நிலத்துக்காரர். எதைக் கேட்டாலும் பாதியில் ஆரம்பிப்பதால் அந்தப் பெயர். பல் பிடுங்கப் போனவர் பாதிப் பல்லுக்குப் பேரம் பேசியதாக ஊரில் சொல்வார்கள்.

“வண்டிக்கா, சக்கரத்துக்கா?” என்றார் ஏலக்காரர். கூட்டம் சிரித்தது.

முப்பது ஆயிற்று. முப்பத்தெட்டு. ஏலக்காரர் ஜன்னலைப் பார்த்தார். பாப்பா குனிந்தாள்.

“சக்கரத்துக்கு எண்ணெய் போட்டியா?”

“போட்டேண்ணா.”

“நாப்பத்திரண்டு கேளு.”

கேட்டாள். மாவு மில்காரர் தலையைச் சொறிந்தார், ஆகாயத்தைப் பார்த்தார், பிறகு கையைத் தூக்கினார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்.

“நாப்பத்திரண்டுக்கே போச்சுண்ணா” என்று குனிந்து சொன்னாள்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவள் காதை எடுக்கவில்லை. காலையிலிருந்து அந்தக் காதில் ஒரு சின்ன வெதுவெதுப்பு பட்டுக்கொண்டே இருந்தது; இப்போது அது இல்லை. வண்டி வாசலைத் தாண்டுகிற சத்தம் கேட்டது. சக்கரம் கொஞ்சமும் முனகாமல் சுழன்றது, அவ்வளவு எண்ணெய். அந்தச் சத்தம் குறைந்துகொண்டே போய், எங்கே முடிந்தது என்று சொல்ல முடியாதபடி முடிந்தது. அவர் கை அவள் கைக்குள் இருந்தது. விரல் நகத்தில் மண் இருக்கிறதா என்று பார்த்தாள். ஒன்பது வருஷமாக அந்த நகங்கள் சுத்தமாகத்தான் இருந்தன. ஏன் பார்த்தோம் என்று அவளுக்குப் புரியவில்லை.

“அடுத்தது கலப்பை!” என்றது வெளியே. “ரெண்டு கலப்பை, நுகத்தடியோட! கேளுங்க!”

யாரோ கேட்டார்கள். யாரோ ஏற்றினார்கள். ஏலக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

அவளுடைய வாய்தான் சொன்னது. அவள் அதைத் தன் காதால் கேட்டாள்.

“கலப்பையைக் குடுக்கலையாம்.”

“குடுக்கலையா? எவ்வளவு வேணுமாம்?”

“எவ்வளவுக்கும் குடுக்கலையாம்.”

கூட்டம் சலசலத்தது. ஏலக்காரர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். முப்பது வருஷமாகக் கூவிக் கூவித் தொண்டை கரகரத்துப் போன மனிதர். எதற்கும் ஆச்சரியப்படுகிறவர் இல்லை. “சரி, கலப்பை ஓரமா இருக்கட்டும்” என்றார். “உழவு மாடு ஒரு ஜோடி!”

அரைவிலை ஏற்கெனவே ஜோடியில் ஒன்றான செவலையின் முதுகில் கை போட்டிருந்தார்.

“மாட்டையும் குடுக்கலையாம்” என்றாள் பாப்பா.

தம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தான். கழுத்துப் பட்டன் வரை போட்ட சட்டை, பையில் சங்கிலிக் கடியாரம். சாயங்கால ரயிலுக்கு அவளையும் சேர்த்து டிக்கெட் எடுத்திருந்தான்.

“என்னக்கா இது? நேத்து வரைக்கும் எல்லாத்தையும் வித்துடணும்னாரு.”

“இப்ப வேணாங்கறாரு.”

“மாட்டை வெச்சுக்கிட்டு என்ன பண்றதாம்? என் கடையில கட்டறதா? நகரு, நான் உள்ள வந்து பேசறேன்.”

“ஏலம் முடியற வரைக்கும் யாரும் வரக் கூடாதுன்னுதானே சொன்னாரு. உனக்கும் சேத்துத்தான்.”

அவன் எட்டிப் பார்த்தான். வெயிலில் நின்ற கண்ணுக்கு உள்ளே இருட்டும் போர்வையின் மேடும் மட்டும்தான் தெரிந்திருக்கும். அண்ணனிடம் சின்ன வயதிலிருந்தே அவனுக்குக் கொஞ்சம் பயம். திரும்பி நின்றுகொண்டான்.

பாப்பாவுக்கு உடம்பு லேசாக இருந்தது. தரை காலுக்குச் சற்றுக் கீழே இருப்பது போல. அவள் முற்றத்தின் மூலையைப் பார்த்தாள். அங்கே நாற்காலி போட்டு, மடியில் காகிதமும் மைக்கூடுமாக, நிலத்துச் சொந்தக்காரரின் காரியஸ்தர் உட்கார்ந்திருந்தார். குத்தகையை விடுவதாக அண்ணன் கடைசியில் கையெழுத்துப் போட வேண்டிய காகிதம்.

“ஐயா” என்று கூப்பிட்டாள். “குத்தகையை விடலையாம். என் பேருக்கு மாத்தித் தர முடியுமான்னு கேக்கச் சொல்றாரு.”

காரியஸ்தர் எழுந்தே விட்டார்.

“பொம்பளை பேருக்கா?”

“ஒம்பது வருஷமா உழுதது பொம்பளைதானேன்னு கேக்கறாரு.”

இது கூட்டத்தில் பாதிப் பேருக்கு உறைத்தது. “அது நெசம்தானே” என்று மாவு மில்காரர் முணுமுணுத்தார். அரைவிலைகூடத் தலையை ஆட்டினார், செவலையிலிருந்து கையை எடுக்காமல்.

காரியஸ்தர் காகிதத்தைப் பிரித்தார், மடித்தார். “இப்ப வருஷத்துக்கு முப்பது மூட்டை. பேர் மாத்தறதுன்னா அதே கணக்கு ஆகாதும்மா. முப்பத்தாறு. கேட்டுச் சொல்லு.”

அவள் உள்ளே திரும்பினாள். அண்ணனின் வாய் ஒரு நெல்மணி அளவுக்குத் திறந்திருந்தது. ஒரு சின்ன வைக்கோல் துணுக்கு எங்கிருந்தோ மிதந்து வந்து போர்வையில் உட்கார்ந்தது.

“அண்ணன் ஒண்ணும் சொல்லல” என்றாள்.

அரை மணி நேரத்தில் அவள் சொன்ன முதல் உண்மை அது.

காரியஸ்தர் காத்திருந்தார். முற்றம் காத்திருந்தது. ஒரு மாடு வாலை வீசியது.

“முதலாளி என்ன சொல்வாரோன்னு ஒண்ணு இருக்கு இல்ல” என்றார் காரியஸ்தர். “முப்பத்திநாலு வெச்சுக்கலாம்.”

“ஒண்ணும் சொல்லல.”

“மழை இந்த வருஷம் நல்லா பேஞ்சிருக்கு. நிலம் கேட்டு ரெண்டு பேர் வந்துட்டுப் போனாங்க. நான் ஒண்ணும் பொய் சொல்லல.” அவர் நெற்றியைத் துடைத்தார். “முப்பத்திமூணு. என்னதான் சொல்றாரு மனுஷன்?”

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

“சந்தையில நாங்க பட்டதை இன்னிக்கு நீங்க படுங்க” என்றார் அரைவிலை. சிரிப்பு எழுந்து, தூசியோடு சேர்ந்து மெல்ல அடங்கியது. பாப்பா அண்ணனின் கையைப் பிடித்தபடி நின்றாள். அவர் இவ்வளவு நன்றாக ஒருபோதும் பேசாமல் இருந்ததில்லை என்று தோன்றியது.

“முப்பத்தொண்ணு!” என்று கத்தினார் காரியஸ்தர், யாரோ தன்னை அடித்துவிட்ட மாதிரி. “அதுக்குக் கீழ போனா என் வேலை போயிடும். வண்டி வித்த பணத்தை முன்பணமா கட்டணும்.”

அண்ணனாக இருந்தால் முப்பதிலேயே நிறுத்தியிருப்பார். அந்த ஒரு மூட்டைக்கான பொறுமை அவளிடம் இல்லாமல் போயிற்று.

“சரி” என்றாள்.

காரியஸ்தர் அந்தக் காகிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதினார். ஜன்னல் கட்டையில் வைத்து அவள் கையெழுத்துப் போட்டாள். ஏலக்காரர் சாட்சி போட்டார். மை காயும்வரை ஊதினார். பிறகு அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். வெயிலில் கண் கூசியது.

“அண்ணன் போயிட்டாரு” என்றாள்.

காலையில் வாங்கிய பெஞ்சுகளை வண்டியில் ஏற்றியிருந்தவர் அவற்றை மறுபடியும் இறக்கிப் போட்டார். வந்தவர்கள் உட்கார வீட்டில் வேறு எதுவும் இல்லை. தம்பி உள்ளே ஓடினான். அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டு சின்னப் பையனைப் போல அழுதான். அழுகை நின்ற பிறகும் அந்தப் பாதத்தின் மேல் கையை வைத்துக்கொண்டே இருந்தான். அப்புறம் ஜன்னலைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். என்னவோ கேட்க வாயெடுத்தான்.

“என் வீட்டுக்காரி உனக்குன்னு ஒரு அறை ஒழிச்சு வெச்சிருக்கா” என்றான், கடைசியில். “பிள்ளைங்க கேப்பாங்க.”

“லீவுக்கு அனுப்பு” என்றாள் பாப்பா.

தம்பி கடியாரத்தை எடுத்தான், மூடியைத் திறக்காமலே பையில் போட்டுக்கொண்டான்.

பிற்பகலில் அடக்கம் முடிந்தது. அரைவிலையும் மாவு மில்காரரும் முன்பக்கம் தோள் கொடுத்தார்கள். திரும்பி வந்து கைகால் கழுவும் இடத்தில் ஏலக்காரர் அவள் பக்கத்தில் நின்றார். குரலை முடிந்தவரை தாழ்த்திக்கொண்டார்; அவருக்கு அது பழக்கமில்லாத வேலை.

“எல்லாம் முடிஞ்சப்புறம்தான் போனாருன்னு எல்லாருகிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்.”

அவள் செம்பைக் கீழே வைத்தாள்.

“வண்டி வரைக்கும் ஒவ்வொரு தடவையும் குனிஞ்சீங்க” என்றார் அவர். “கலப்பையிலேருந்து நீங்க குனியவே இல்லம்மா.”

அவள் அவரைப் பார்த்தாள். அவர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்தை நோக்கி நடந்துவிட்டார்.

வெயில் இறங்கியது. தூசி அடங்கி, காற்று கழுவிய கண்ணாடியைப் போல ஆயிற்று. முற்றத்தில் ஆட்கள் இரண்டு மூன்று பேராக நின்று, தணிந்த குரலில் விளைச்சலைப் பற்றிப் பேசினார்கள். பாப்பா அவர்களுக்கு நடுவே, தூக்கத்தில் நடக்கிறவளைப் போல நடந்து பின்பக்கம் வந்தாள். வயலுக்குப் போகிற வழியை மறித்துக்கொண்டு, துக்கத்துக்கு வந்த யாரோ ஒருவரின் வண்டி நின்றது. வண்டிக்காரர் சக்கரத்தில் சாய்ந்து புகைத்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் சட்டென்று பீடியை அணைத்தார்.

“கொஞ்சம் நகத்திக்கறீங்களா?” என்றாள். “காலையில மாடு போகணும்.”

அவர் மாட்டை அதட்டினார். வண்டி நகர்ந்தது. அது நின்ற இடத்தில் நசுங்கிக் கிடந்த புல், ஒவ்வொன்றாக, மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது.