மோன்சோனும் லெம்மும் மோதிய சனிக்கிழமை

வடக்கு ஃபிலடெல்ஃபியாவில் ஹோசியாவின் சலூனுக்குச் சனிக்கிழமை பார்த்து முடிவெட்டப் போகிறவன் வடிகட்டின முட்டாள். அன்றைக்கு அங்கே சண்டை நடக்கும். செத்தவர்கள், கிழடு தட்டியவர்கள், ஒருவரையொருவர் கண்ணால்கூடப் பார்க்காத மிடில்வெயிட் எடைப்பிரிவுக் குத்துச்சண்டைச் சூரர்கள் எல்லோரும் வந்திருப்பவர்களின் வாயாலேயே மோதுவார்கள். ஆளுக்கு ஒரு வீரன், அவனுக்காக இவர் பேச வேண்டும். ரவுண்டுக்கு மூன்று நிமிடம். கடிகாரத்தைப் பார்த்து ஹோசியா ஷேவிங் கிண்ணத்தைத் தட்டுவார். தோல்வியை ஒத்துக்கொண்டு பாதியில் நிறுத்த வேண்டுமானால் அந்த வீரனுக்காகப் பேசுகிறவர் துண்டை வீச வேண்டும். பதினோரு வருஷத்தில் தாடியஸ் பூன் ஒரு தடவைகூட வீசியதில்லை. ஹாரி கிரெப்பை எடுத்துக்கொண்டு சுகர் ரே ராபின்சனிடம் பதினைந்து ரவுண்டும் உதைபட்ட அன்றைக்குக்கூட வீசவில்லை.

பூனுக்கு எழுபத்தொரு வயது. முப்பது வருஷம் நிஜ ரிங்கின் மூலையில் நின்று, வீரர்களின் கிழிந்த புருவங்களில் ரத்தத்தை அடைத்தவர். அவர் வளர்த்ததில் உருப்படியான வீரன் லெம் கேஸ்கின்ஸ் ஒருவன்தான். அந்த லெம் சனிக்கிழமை தவறாமல் சலூன் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான். நாற்பத்திரண்டு வயதிலேயே கை நடுங்கும், நாக்கு குழறும். காலையில் தின்றது மத்தியானம் மறந்துவிடும். சண்டைப் பேச்சு மட்டும் மறக்காது.

அந்த ஜனவரிச் சனிக்கிழமை லெம்மின் அக்கா வெர்னெல் அவனை உள்ளே உட்காரவைத்துவிட்டுப் பூனை வாசலுக்கு இழுத்தாள்.

"பூன் அண்ணே, போன மாசம் விடியக்காலம் பயிற்சின்னு ஆத்தோரமா ஓடி, பனியில விழுந்து கெடந்தான். குளிர்ல செத்துப்போன ரெண்டு கால்விரல எடுத்தாங்க. ஆறுறதுக்குள்ள இந்தப் புதன்கிழமை மறுபடி கெளம்பிட்டான். ஏன்டான்னு கேட்டா, அந்தக்கால உலக சாம்பியன் மோன்சோனோட சண்டை இருக்காம்! யாரு சொன்னது? நீங்கதான். வாரா வாரம் லெம்மா மோன்சோனான்னு கத்துறீங்களே."

"அது சும்மா பேச்சுக்கும்மா."

"உங்களுக்குப் பேச்சு. அவனுக்கு நெஜம். நான் ஆஸ்பத்திரித் துணி துவைக்கப் போனா இவன யாரு காவல் காக்குறது? திங்கக்கிழம அரசாங்க மனநல விடுதி வண்டி அவனக் கூட்டிப்போக வருது. அங்க கட்டிலோட கட்டித்தான் போடுவாங்க. தெரிஞ்சேதான் அனுப்புறேன்." ஜன்னல் வழியே தம்பியைப் பார்த்தாள். "சண்டை முடிஞ்சிருச்சுன்னு நான் சொன்னா நம்ப மாட்டான். நீங்க சொன்னா நம்புவான். ஓடறத நிறுத்திட்டா அவன அனுப்ப வேண்டியதில்ல."

"இன்னைக்கே ஜெயிக்க வச்சிடறேன்."

"ஜெயிச்சா சாம்பியன். பட்டத்தக் காப்பாத்த ஓட மாட்டானா?"

"புள்ளியில தோத்தான்னா?"

"மறுசண்டை கேப்பான். சின்னப்புள்ள மாதிரி பேசாதீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எப்படி நிறுத்தணும்னு உங்களுக்குத் தெரியும்ணே."

பூன் உள்ளே வந்து, "இன்னைக்கு லெம்முக்கும் மோன்சோனுக்கும்," என்றதும் ஓய்வுபெற்ற தபால்காரர் ரூஃபஸ் தொடையைத் தட்டினார்.

"மோன்சோன் எனக்கு! யோவ் பூனு, அர்ஜென்டினாக்காரன் சிகரெட்ட வாயில வச்சுக்கிட்டே உன் ஆளத் தட்டுவான்யா."

"மொதல்ல உன் பல்செட்டக் கெட்டியாப் புடிச்சுக்க."

முகத்தில் நுரையோடு நாற்காலியில் இருந்தவர் புதிது. லெம் யாரென்று கேட்டுவிட்டார். போதாதா! ஹோசியா கத்தியை நிறுத்திவிட்டு ஆரம்பித்தார். 1973இல் லெம் ஒரு பிட்ஸ்பர்க்காரனோடு மோதியது, ஜெயித்தால் மோன்சோனோடு பட்டச் சண்டை என்று ஊரே பேசியது. "பத்தாவது ரவுண்டு முடிஞ்சு ஸ்டூல்ல உக்காந்தான், ரெண்டு கண்ணும் மூடிப்போச்சு. பூன் துண்டத் தூக்குறாரு. இவன் கையப் புடிச்சு, 'வீசுன, உன்னக் கொன்னுடுவேன்'னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போனான் சார்! அப்படியாப்பட்ட ஆளு." அடுத்த ரவுண்டில் விழுந்து நாலு நாள் கண் திறக்காமல் கிடந்ததை ஹோசியா எப்போதும் மெதுவாகத்தான் சொல்வார். கதை நடக்கும்போதெல்லாம் பூன் வீதியைப் பார்த்துக்கொண்டிருப்பார். இன்றும் அப்படியே பார்த்தார்.

கிண்ணம் ஒலித்தது. லெம்மைத் தோற்கவைக்கத்தான் பூன் உட்கார்ந்தார், சத்தியமாக. ஆனால் ரூஃபஸ் வாயைத் திறந்ததும் பழைய ரத்தம் சூடேறிவிட்டது. "அவனுக்கு நீளக் கைன்னா என் ஆளு அதுக்கு அடியில புகுந்துருவான்யா. விலாவுல ஒண்ணு! இன்னொண்ணு!" ஜன்னலோரம் லெம்மின் தோள் அசைந்தது. தலை இடமும் வலமுமாகத் தாழ்ந்தது. நாலாவது, ஐந்தாவது ரவுண்டில் ரூஃபஸ் திணறினார். என்ன பிள்ளை, என்ன பிள்ளை என்று பூனின் நெஞ்சு விம்மியது. திங்கட்கிழமை வண்டி வரப்போவதைச் சுத்தமாக மறந்தே போனார் அந்தக் கிழட்டு மனுஷன்.

ஆறாவது ரவுண்டில் லெம் கால் மாற்றி உட்கார்ந்தான். இடது பூட்ஸின் கிழிந்த நுனியில், விரல் இருக்க வேண்டிய இடத்தில், அடைத்த செய்தித்தாள் துருத்திக்கொண்டு தெரிந்தது. பூனின் வாய் அடைத்துப்போனது.

"என்னய்யா, மூச்சு வாங்குதா?" என்றார் ரூஃபஸ்.

"என் ஆளுக்கு வாங்குது." பூனின் குரல் இறங்கியது. "கையத் தூக்க முடியல. மோன்சோன் இடது கையாலயே தட்டித் தட்டி நிறுத்துறான்."

"யோவ், உன் ஆள நீயே இறக்குறியா?"

"நடக்குறதச் சொல்றேன்."

ஏழு, எட்டு. லெம் முகத்துக்கு முன்னால் கைகளை உயர்த்திக் குறுகினான். ரூஃபஸுக்கே பேச மனசு வரவில்லை. ஒன்பதாவதில் பூன் எழுந்தார். நுரைக்காரரின் கழுத்திலிருந்த வெள்ளைத் துண்டை உருவி நடுத்தரையில் வீசினார்.

"நிறுத்துறேன். போதும். லெம், சண்டை முடிஞ்சிருச்சுடா. இனிமே சண்டையே கெடையாது. ஓடவும் வேண்டாம்."

ஹோசியா கிண்ணத்தைத் தட்ட மறந்து நின்றார். லெம் துண்டையே வெகுநேரம் பார்த்தான். 'உன்னக் கொன்னுடுவேன்' என்று சொல்லப்போகிறான் என்று அத்தனை பேரும் காத்திருந்தார்கள். அவனோ எழுந்து வந்து பூனுக்கு முன்னால் இரண்டு கைகளையும் நீட்டினான். சண்டை முடிந்ததும் கையில் சுற்றிய துணிக்கட்டை அவிழ்க்க நீட்டுகிற அதே நீட்டல். பூன் அவனது வலது மணிக்கட்டைப் பிடித்து, இல்லாத கட்டைச் சுற்றுச் சுற்றாக அவிழ்க்கத் தொடங்கினார்.

"நல்லாருக்குண்ணே," என்றான் லெம், குழறாமல். "அன்னைக்கும் இப்படித்தானே கேட்டேன். ஸ்டூல்ல. 'கண்ணு தெரியல, போதும்ணே'ன்னு அழுதேன். 'ரெண்டே ரவுண்டுதான்டா, எந்திரி'ன்னு கக்கத்துல கையக் குடுத்துத் தூக்கிவிட்டியே." அவன் முகத்தில் கோபமே இல்லை. "அன்னைக்குத் துண்டு இல்லையாண்ணே?"

இருந்தது. பூனின் தோளிலேயே கிடந்தது. ரூஃபஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஹோசியா குனிந்து தரையிலிருந்த துண்டை எடுத்தார். பதினோரு வருஷமாக அந்தக் கதையைக் கடைக்கு வருகிறவனுக்கெல்லாம் சொன்னவர், துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

கதவு திறந்தது. வெர்னெல் பனியை உதறிக்கொண்டு வந்தாள்.

"முடிஞ்சிருச்சாடா?"

"முடிஞ்சிருச்சுக்கா. அண்ணன் நிறுத்திட்டாரு. இனிமே ஓட வேண்டாமாம்."

அவள் ஓடி வந்து பூனின் தோளில் முகம் புதைத்து அழுதாள். "நீங்க நல்லா இருக்கணும்ணே. தெய்வம்ணே நீங்க."

சலூனில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. லெம் பொறுமையாக நின்றான்.

"அண்ணே," என்று இடது கையை நீட்டினான், "இந்தக் கை இன்னும் அவுக்கலண்ணே."