பதினோரு பேரின் பல்

மலேசியாவின் ஈப்போ நகரில் பெரிய ஹோட்டல் ஒன்றில், அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கு இருபத்தாறு வருஷம் மேற்பார்வையாளராக இருந்தவள் சௌ லெங். குளியலறையில் ஒற்றை முடி கிடந்தாலும் அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டுத் துடைக்கவைப்பாள். எழுபத்து மூன்றாவது வயதில் இடுப்பெலும்பு முறிந்தது. மூன்றாவது மாடி வீட்டுக்குப் படியேற முடியாமல் போகவே, அண்ணன் மகள் அவளைத் திருமதி சூய் நடத்தும் முதியோர் இல்லத்தில் கொண்டுவந்து விட்டாள்.

வந்த நாளிலிருந்தே குமட்டல்தான். காலையில் வாத்தி என்ற பணிப்பெண் ஒரே வாளித் தண்ணீர், ஒரே துணியோடு வருவாள். பதினோரு பெண்களின் முகத்தையும் வரிசையாகத் துடைப்பாள். சௌ லெங்கின் கட்டில் கடைசி. அவள் முகத்துக்கு வரும்போது அந்தத் துணியில் பத்துப் பேரின் பீளையும் கோழையும் இருக்கும். சௌ லெங் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் வாத்தி கொடுத்த பல் செட்டை வாயில் மாட்டியவுடன் ஈறு இடித்தது. நாக்கில் ஏதோ வழவழவென்று ஊறியது. பழைய மீன் குழம்பின் புளிப்பு. அது அவளுடைய பல் இல்லை. கையில் துப்பிவிட்டு, வயிற்றில் ஒன்றும் மிஞ்சாமல் போகும்வரை வாந்தியெடுத்தாள்.

"எல்லாத்தையும் ஒரே பேசின்லயா ஊறப் போடுறே?"

"பதினோரு கிண்ணத்துக்கு எங்க ஆன்ட்டி போவேன்?" என்றாள் வாத்தி.

எதிர்க்கட்டில் பீ லான் கஞ்சியை மென்றுகொண்டே சிரித்தாள். முன்பல்லில் சின்னத் தங்கக் கட்டு மின்னியது. அது சௌ லெங்கின் பல்.

"அக்கா, அது என்னோடது!"

"இருக்கட்டுமே. எனக்கு நல்லாத்தான் பொருந்துது. ரெண்டு நாள் போனா உனக்கும் பழகிடும்."

அந்த மாதக் கடைசியில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் படிவங்களோடு வந்தாள். இங்கே எவ்வளவு திருப்தியாக இருக்கிறீர்கள், ஒன்று முதல் ஐந்துக்குள் சொல்லுங்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். திருமதி சூய் கைகட்டிப் பின்னாலேயே நின்றாள். பத்துப் பேரும் ஐந்து என்றார்கள். பீ லான் சௌ லெங்கின் பல்லைக் காட்டிச் சிரித்தபடி, "அஞ்சுக்கு மேல இல்லையா?" என்றும் கேட்டாள். வாத்தியின் துணியைவிட அந்தச் சிரிப்புதான் சௌ லெங்குக்கு அருவருப்பாக இருந்தது.

"ஆன்ட்டி, நீங்க?"

சௌ லெங் நடைவண்டியைப் பிடித்து எழுந்து போய்க் குளியலறையிலிருந்த பேசினை வண்டித் தட்டில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். பகல் தூக்கத்துக்காக நாலைந்து பேர் கழற்றிக் கொடுத்த பற்கள், சோற்றுப் பருக்கைகளும் எண்ணெய்ப் படலமும் மிதந்த மஞ்சள் தண்ணீரில் கிடந்தன.

"இதுல ஒண்ண எடுத்து உன் வாயில வச்சுப் பாரும்மா. அப்புறம் எனக்கு நம்பர் சொல்லு."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

அவள் போன பின் திருமதி சூய் கட்டிலருகே வந்தாள். "பிடிக்கலேன்னா உங்க அண்ணன் மகளைக் கூப்பிடுறேன். கூட்டிட்டுப் போகட்டும்."

"கூப்பிடு. அவளுக்கும் பேசினைக் காட்டுறேன்."

திருமதி சூய் யாரையும் கூப்பிடவில்லை. மறுநாள் மதியம் பதினோரு பிளாஸ்டிக் கிண்ணங்கள் வந்தன. அண்ணன் மகளிடம் சொல்லி வாங்கிய நகப்பூச்சால் சௌ லெங் ஒவ்வொன்றிலும் பெயர் எழுதினாள். எந்தப் பல் யாருடையது என்று கண்டுபிடிக்க மாட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கொடுத்தபடி, ஒரு நாள் முழுக்கத் தானே உட்கார்ந்தாள். பிறர் எச்சில் விரல்களில் நூலாக இழுத்தது. இரண்டு முறை எழுந்து போய் வாந்தியெடுத்துவிட்டு வந்தாள்.

பீ லானின் சொந்தப் பல் கடைசியில் அகப்பட்டது. வருஷக்கணக்காக யார் யார் பல்லையோ மாட்டிக்கொண்டிருந்ததில் ஈறு சுருங்கிப்போய், அது கடகடவென்று ஆடியது.

"பாவி, நல்லா தின்னுட்டிருந்தேன். கெடுத்துட்டியே!"

சௌ லெங் தன் பல்லை நான்காவது முறையாகத் தேய்த்தாள். வெகுநேரம் உள்ளங்கையிலேயே வைத்துப் பார்த்திருந்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டினாள். கஞ்சி ஆறியிருந்தது. சாப்பிட்டாள்.