நீல ஸ்வெட்டரின் முதல் பாதி

எங்கள் கம்பெனியில் எனக்கு ‘இடைவேளை’ என்று பெயர். வைத்தவன் என்னோடு சேர்ந்து லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் கூட்டாளி. காரணம் ஒன்றும் ரகசியமில்லை. படம் பிடிக்கவில்லை என்றால் இடைவேளையில் எழுந்து வந்துவிடுவேன். நூறு படம் பார்த்திருந்தால் எண்பதில் இரண்டாம் பாதி எனக்குத் தெரியாது. என் மனைவி உள்ளேயே உட்கார்ந்து முழுசாகப் பார்ப்பாள். நான் வெளியே வண்டியில் உட்கார்ந்து காத்திருப்பேன். வரும்போதே, “கடைசியில அவன் செத்துட்டான்” என்பாள். “எனக்கு அப்பவே தெரியும்” என்பேன். பதினாறு வருஷமாக இப்படித்தான் சேர்ந்து படம் பார்க்கிறோம்.

என் கருத்தை யாரும் கேட்கவே வேண்டாம், நானே சொல்லிவிடுவேன். வேலையிலும் அது உதவும். லிஃப்ட் நடுவில் நின்று யாராவது மாட்டிக்கொண்டால், கூட்டாளி மேலே மோட்டார் அறைக்குப் போவான். நான் கதவுக்கு வெளியே நின்று உள்ளே இருப்பவருக்குப் பேச்சுக் கொடுப்பேன். “கடைசியா என்ன படம் பார்த்தீங்க?” என்று ஆரம்பித்தால் போதும். ஒருமுறை ஒரு பல் டாக்டரம்மா மாட்டிக்கொண்டார். மூச்சு முட்டுகிறது என்று அழுதவர், தனக்குப் பிடித்த பேய்ப் படத்தை நான் திட்டியதும் அழுகையை விட்டுவிட்டுச் சண்டைக்கு வந்துவிட்டார். “பழிவாங்க வந்த பேய் ஒன்றரை மணி நேரம் கதவையே ஆட்டிட்டிருந்தா அது பேயா, தச்சரா?” என்று கேட்டேன். கதவைத் திறந்தபோது அவர் முகத்தில் பயம் இல்லை, கோபம்தான் இருந்தது. எனக்கு அது போதும். கோபமாக இருப்பவர்கள் மயங்கி விழுவதில்லை.

மற்றப் படங்களுக்கும் என் தீர்ப்பு வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். விருது வாங்கிய படம் ஒன்றில் ஒரு பெரியவர் ஏழு நிமிஷம் ஜன்னலைப் பார்த்தார். நான் ஏழு நிமிஷம் அவரைப் பார்த்தேன். அவருக்காவது ஜன்னல் இருந்தது. எல்லோரும் தலையில் தூக்கி வைத்து ஆடிய காதல் படத்தில், அவள் வேண்டாம் வேண்டாம் என்கிறாள், அவன் விடாமல் பின்னாலேயே போகிறான். போலீசைக் கூப்பிட வேண்டிய இடத்தில் பாட்டைப் போட்டார்கள். விண்வெளிப் படத்தில் ராக்கெட் பிரமாதம், உள்ளே போனவர்கள் வாயைத் திறந்ததுதான் தப்பு. ஊரே கழுவி ஊற்றிய ஒரு சமையல்காரர் படம் மட்டும் எனக்கு உயிர். அதில் ஒரு மனுஷன் வெங்காயம் நறுக்குவதை, வெங்காயம் நறுக்குவது மாதிரியே எடுத்திருந்தார்கள். அதை யாராவது குறை சொன்னால் அன்றைக்கு அவர்களோடு பேச்சுவார்த்தை கிடையாது.

இந்த வாயோடு ஒரு காலும் சேர்ந்துகொண்டுதான் என் தங்கச்சியை ஒன்றரை வருஷம் என்னோடு பேசாமல் பண்ணின.

அவள் வீடு விற்கும் கம்பெனி ஒன்றில் காலி வீடுகளை வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டிக் கொடுக்கும் வேலையில் இருக்கிறாள். சொந்தமாக ஒரு குறும்படம் எடுத்து, நூலக அரங்கில் முப்பது பேரைக் கூப்பிட்டுப் போட்டாள். மொத்தமே இருபது நிமிஷம். பத்தாவது நிமிஷத்தில் நான் எழுந்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை, பழக்கதோஷம், கால் தானாகக் கிளம்பிவிட்டது. நாற்காலி வேறு கிறீச்சென்றது. “சொந்த அண்ணனாலேயே உக்கார முடியலையே” என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது. அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு வந்தால் அவள் அண்ணியோடு பேசுவாள், நான் குளித்துவிட்டு வருவதற்குள் போய்விடுவாள்.

அப்படிப்பட்டவள் போன திங்கட்கிழமை சாயங்காலம் வந்து, நான் குளித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு பென் டிரைவ்.

“முழுநீளப் படம் எடுத்து முடிச்சிட்டேன். நீ பார்க்கணும்” என்றாள்.

தலையைக்கூடத் துவட்டாமல் கை நீட்டி வாங்கிக்கொண்டேன். மூன்று திரை உள்ள சின்னத் தியேட்டர் ஒன்று புது ஆட்களின் படத்துக்குக் காலைக் காட்சி கொடுக்கிறதாம். அந்த மேனேஜர் அம்மா சனிக்கிழமை பத்து மணிக்குப் படத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வாராம்.

“அவங்க வேண்டாம்னுட்டா நானும் விட்டுடுறேன். நாலு வருஷத்து லீவெல்லாம் இதுக்கே போச்சு. காலி வீட்டையே எடுத்துட்டு இருந்துடலாம்” என்று சிரித்தாள். என் மனைவி சிரிக்கவில்லை. நாத்தனாரை அவளுக்கு நன்றாகத் தெரியும். இந்தப் பெண் விடுகிறேன் என்றால் விட்டுவிடுவாள்.

“ஒரே கண்டிஷன்ணா. பாதியில எழுந்திரிக்கக் கூடாது. முடியுற வரைக்கும் உக்காந்து பாரு, அப்புறம் உண்மையைச் சொல்லு. நல்லாருக்குன்னு பொய் சொல்ல எனக்கு நிறையப் பேர் இருக்காங்க.”

செவ்வாய்க்கிழமை வேலையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டேன். டிவியில் பென் டிரைவைச் செருகினால் இரண்டு ஃபைல். ஒன்று ‘கடைசி’. இன்னொன்று ‘புதுக் கடைசி’. மேலே இருந்ததை அழுத்தினேன்.

பேர் கூட இன்னும் போடவில்லை, நேராக ஒரு பஸ். ஜன்னலோரம் நீல ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண். பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் அந்த ஸ்வெட்டரின் கைப்பட்டையையே பார்க்கிறார். “இது எங்கம்மா வாங்கினீங்க?” என்று கேட்கிறார். “எங்கம்மா பின்னினது” என்கிறாள் அவள். பொய் என்று பார்க்கிற நமக்கே தெரிகிறது. அடுத்த காட்சியில் அவள் ரயில் நிலையத்தில், தொலைந்துபோன சாமான்களை எடுத்து வைக்கும் அறையில் வேலைக்கு உட்காருகிறாள். பின்னால் அலமாரி முழுக்கக் குடை, பெட்டி, ஒற்றைச் செருப்பு. அவ்வளவுதான், எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. என் மனைவி மடித்துக்கொண்டிருந்த துணியை மடியிலேயே போட்டுவிட்டாள்.

பெரியவர் தினமும் அதே பஸ்ஸில் ஏறுகிறார். குற்றம் சொல்வதே இல்லை. பின்னினது தன் வீட்டுக்காரி என்று ஒரு நாளும் சொல்லவில்லை, ஆனால் நமக்குத் தெரியும். அந்தப் பெண்ணால் அந்த ஸ்வெட்டரைப் போடவும் முடியவில்லை, கழற்றவும் முடியவில்லை. கடைசியில் துவைத்து மடித்து, சீட்டு எழுதி, அலமாரியில் வைக்கிறாள். பெரியவர் வருகிறார். ஸ்வெட்டரைத் தடவிப் பார்க்கிறார். “இது எங்களது இல்லம்மா” என்று சொல்லிவிட்டுப் போகிறார். திரை கறுப்பாகிறது.

நான் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது? “இவ்வளவுக்கு மேல ரெண்டாவது பாதியில என்ன சொல்லப்போறா?” என்று சொல்லிக்கொண்டே, என் வாழ்க்கையில் முதல்முறையாக ஆசை ஆசையாக அடுத்த ஃபைலைப் போட்டேன்.

சந்தையில் ஒரு சண்டை. நாலு பேர் பறக்கிறார்கள். பிறகு பாட்டு. பிறகு அந்தப் பெண்ணின் மாமாவாம், வழுக்கி வழுக்கி விழுகிறார். அந்த ஸ்வெட்டர் ரயிலில் எப்படித் தொலைந்தது, யார் பின்னியது, அவர் எப்படி இறந்தார் என்று ஒன்றுவிடாமல் விளக்குகிறார்கள். “உங்க தங்கச்சி ரெண்டு படம் எடுத்திருக்காளா?” என்று கேட்டாள் மனைவி. வாக்குக் கொடுத்துவிட்டேனே என்று பல்லைக் கடித்துக்கொண்டு முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

முடிந்ததும் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“முதல் பாதி மாதிரி நான் பார்த்ததே இல்ல. சத்தியமா. ஆனா ரெண்டாவது பாதி குப்பை. அந்தச் சண்டையும் மாமாவும் எதுக்கு? நாங்களே புரிஞ்சுக்கிட்டதை எதுக்கு மறுபடியும் ஊட்டி விடுற? நல்ல படத்தை நீயே நாசம் பண்ணிட்டே.”

என்னை முழுசாகப் பேசவிட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அண்ணா, எதை முதல்ல போட்டே?”

“‘கடைசி’ன்னு இருந்ததை.”

“அதுதான் ரெண்டாவது பாதி.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தப்பு என்னுடையது என்றால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். “ஒண்ணு, ரெண்டுன்னு பேர் வெச்சா என்ன? கடைசி, புதுக் கடைசின்னு யாராவது பேர் வைப்பாங்களா?” என்று பாய்ந்தேன்.

“முதல் பாதியைப் பதினோரு தடவை மாத்தினேன். அதான் அது புதுக் கடைசி. ரெண்டாவதை ஒரே தடவை வெட்டினதோட சரி. அப்புறம் தொடல.”

“ஏன் தொடல?”

“நீதான் அதைப் பார்க்கவே மாட்டியே.”

கையிலிருந்த ரிமோட்டைக் கீழே வைத்தேன்.

“நீ எழுந்து போயிடக் கூடாதுன்னுதான் சண்டை வெச்சேன். அப்பவும் பயமா இருந்துச்சு, பாட்டு வெச்சேன். அதுவும் பத்தாதுன்னு மாமா. ரெண்டாவது பாதிக்கு நீ இருக்க மாட்டே. அதனால அதை எனக்குப் பிடிச்ச மாதிரி எடுத்தேன்” என்றாள். அழுகிறாள் என்று குரலில் தெரிந்தது. “சனிக்கிழமைக்கு நாலு நாள்தான் இருக்கு” என்று வைத்துவிட்டாள்.

எத்தனையோ படத்தைக் கெடுத்தவர்களை வாய் கிழியத் திட்டியிருக்கிறேன். ஒரு படத்தைக் கெடுத்தது நானே என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது, அதைவிட அந்தப் பெண் நாலு வருஷமாக என் காலையே பார்த்துக்கொண்டு படம் எடுத்திருக்கிறாளே என்பதுதான் உறுத்தியது. “மூஞ்சியைத் தொங்கப் போட்டு என்ன பிரயோஜனம்? நாளைக்குப் போய் அவ கூட உக்காருங்க” என்றாள் மனைவி.

புதன்கிழமை வேலை முடிந்ததும் கருவிப் பையோடு நேராக அவள் ஆபீசுக்குப் போனேன். மற்றவர்கள் கிளம்பியபின் அந்த எடிட்டிங் அறையை அவளுக்கு விட்டுக்கொடுப்பார்கள். ஜன்னல் இல்லாத அறை, இரண்டு கம்ப்யூட்டர், நாற்காலியில் ஒரு பக்கக் கை இல்லை. அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி திரைக்குத் திரும்பினாள். நான் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது பழக்கமில்லாத வேலை, திக்கித் திணறித்தான் வந்தது.

“சரி விடு. உக்காரு. சும்மா உக்காரு, வாயைத் திறக்காதே” என்றாள்.

சண்டை போனது. பாட்டு போனது. மாமா விழுந்த ஆறு இடமும் போயின. “இந்த மாமாவா நடிச்சவர் சனிக்கிழமை வர்றாரா?” என்று கேட்டேன். “அவருக்கு இனிமேதான் சொல்லணும்” என்றாள். இருவரும் சிரித்தோம். முதல் பாதி என்று ஐம்பது நிமிஷம் இருந்ததில் பன்னிரண்டுதான் மிஞ்சியது. அதையும் துண்டு துண்டாக இரண்டாம் பாதிக்குள் செருகினாள். படம் பஸ்ஸிலேயே ஆரம்பித்தது.

அந்தப் பன்னிரண்டில் ஒரு காட்சி. அந்தப் பெண் சாமான் அறையில் தனியாகச் சாப்பிடுகிறாள். அலமாரிக்குள் யாரோ தொலைத்த போன்கள் ஒவ்வொன்றாக மணி அடிக்கின்றன, அடித்து நிற்கின்றன. அவள் எடுப்பதில்லை. நாலு நிமிஷம் ஓடுகிறது.

“இது நீளம். ஜனங்க கொட்டாவி விடுவாங்க” என்றேன், வாயைத் திறக்கக் கூடாது என்பதை மறந்து.

அவள் கை மவுசின் மேல் நின்றது. வெட்டத்தான் போகிறாள் என்று நினைத்தேன். இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள். “விடட்டும்” என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போனாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு அந்தச் சின்னத் தியேட்டரில் நாங்கள் நாலே பேர். மேனேஜர் அம்மா முன்வரிசையில் நோட்டோடு, இரண்டு வரிசை பின்னால் நாங்கள் மூவர். நான் படத்தைப் பார்க்கவே இல்லை, அந்த அம்மாவின் பின்னந்தலையைப் பார்த்தேன். பஸ் காட்சியில் எழுதிக்கொண்டிருந்தார். சாமான் அறையில் எழுதுவதை நிறுத்தினார். போன் காட்சியில் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். பெரியவர் “இது எங்களது இல்லம்மா” என்றதும் மூக்கைச் சிந்தினார்.

விளக்கைப் போட்டார்கள். அந்த அம்மா எழுந்து எங்களிடம் வந்தார்.

“படம் எனக்குப் பிடிச்சிருக்கு. ஒரு வாரம் காலைக் காட்சி தர்றேன். அந்த போன் சீனை மட்டும் எடுத்துட்டீங்கன்னா ரெண்டு வாரமே தரலாம். அது ரொம்ப இழுக்குது.” என் பக்கம் திரும்பினார். “நீங்க என்ன நினைக்கிறீங்க?”

நான் என்ன செய்ய? “நானும் அதையேதான் சொன்னேன் மேடம்” என்றேன். மனைவி என் கையைக் கிள்ளினாள்.

தங்கச்சி என்னைப் பார்க்கவே இல்லை. பதினோரு தடவை மாற்றிய பெண், நூலகத்தில் என் நாற்காலி கிறீச்சிட்டதற்கு ஒன்றரை வருஷம் முகம் கொடுக்காத பெண், அந்த அம்மாவை மட்டும் பார்த்தாள்.

“ஒரு வாரம் போதும் மேடம். அந்த சீன் இருக்கட்டும்.”

“யோசிச்சுச் சொல்லுங்களேன்.”

“யோசிச்சுட்டேன் மேடம்.”

அந்த அம்மா நோட்டைப் புரட்டினார். பிறகு நோட்டில் தேதி எழுதிக் கொடுத்தார்.

வெளியே படிக்கட்டுக்கு வந்ததும் தங்கச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

“ரொம்பப் பயந்துட்டேன்ணா.”

“நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. என்னைத் திட்டு” என்றேன்.

அவள் புரியாமல் நிமிர்ந்தாள்.

“உன்னை யாரு சொன்னா? அந்தம்மா கொடுத்த ஒரு வாரத்தையும் இல்லைன்னுடுவாங்களோன்னு பயந்தேன். நீ சொன்னதை நான் கவனிக்கவே இல்லையே, என்ன சொன்னே?”

“ஒண்ணுமில்ல” என்றேன். என் கருத்தை ஒருவர் காதில்கூடப் போட்டுக்கொள்ளவில்லை, எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.