கழிமுகத்தில் கிடைத்த அம்மா

...இல்லை, தூங்கவில்லை, கண்ணைத்தான் மூடியிருக்கிறாள், பேசின் பிரிட்ஜில் வண்டி மாறியதிலிருந்து சாராள் இப்படியேதான், காலையில் போகும்போது எவ்வளவு பேசினாள், பூந்தமல்லி விடுதி மிஸ்ஸியம்மா கேட்டவுடனே லீவு கொடுத்ததை, எண்ணூரில் படகுக்காரர் காசே வேண்டாமென்று கழிமுகம்வரை ஏற்றிக்கொண்டதை... இன்னைக்கு நமக்கு யோகம்டீ தாட்சா, என்றாள். யோகம்தான், மழைகூட ஒதுங்கிப் போனது. மணலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் நிமிராமல் இருந்திருந்தால்... பொன்னியம்மா, என்றாளே, கூப்பிட்டதா அது, மூச்சு விட்ட மாதிரி. செதில் ஒட்டிய கைகளால் சாராள் முகத்தைப் பிடித்துக்கொண்டு, எங்கடீ பூட்ட, எளச்சுக்கினு வந்து நிக்கிறியே, என்றாள். வலை பிரித்துக்கொண்டிருந்த மகன் தங்கவேல் எழுந்து வந்தான். தப்பா நெனச்சுக்காதீங்கம்மா, என் தங்கச்சி பொன்னி சின்னதுல புயல்ல காணாப்பூட்சு, இந்த வயசுப் பொண்ணு யாரப் பாத்தாலும் அம்மா இப்டித்தான். யாரைப் பார்த்தாலுமா? எனக்கும் அதே வயசுதானே, என் பக்கம் அவள் திரும்பவே இல்லையே...

சாராளாவது இல்லையென்று சொல்லியிருக்கலாம். வந்துட்டேன்ல, என்றாள். நண்டுக் குழம்புச் சோற்றை அந்த அம்மாள் உருட்டி உருட்டிக் கொடுக்க, குழந்தை மாதிரி வாயைத் திறந்தாள். திரும்பி வரும்போது, நல்லா நடிச்சடீ, என்று நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. விடுதிக்கு வந்தபோது அவளுக்கு நாலு வயசு என்பார்கள், எங்கிருந்து வந்தாளென்று யாருக்கும் தெரியாது, ஒருவேளை... சே, எண்ணூர் எங்கே, பூந்தமல்லி எங்கே. வெளியே கொரட்டூர் ஏரி போகிறது, அடுத்தது அம்பத்தூர், நான் இறங்க வேண்டும், அவள் ஆவடிவரை தனியாகப் போக வேண்டும். கேட்டுவிட்டேன். சாராள், அது உங்கம்மாதானா? கண்ணைத் திறக்காமலே, தெரியல, என்றாள். அப்புறம், அடுத்த ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போகல, அங்க போறேன். நானும் வரேன், என்றேன். வேணாம் தாட்சா, நீ பக்கத்துல இருந்தா நான் சாராளாத்தான் இருப்பேன்.

இறங்கிவிட்டேன், வண்டியும் நகர்ந்துவிட்டது, அவள் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போனாள். பொங்கலுக்கு எங்கள் வீடு, காய்ச்சலென்றால் எங்கள் வீட்டுக் கஞ்சி, இத்தனை வருஷமாக அவளுக்கு என்னை விட்டால் யாருமில்லை, யாருமில்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேனே... வருத்தப்பட்டுத்தான் சொன்னேனா?