அந்தக் காதில் மயில்கள்

கொழிஞ்சிப்பாளையம் உழவர் சங்கத்தில் சந்தாவைக் குரலாகத்தான் வாங்குவார்கள். ஏக்கருக்கு இரண்டு லிட்டர். புரட்டாசி பிறந்ததும் உறுப்பினர்கள் காலையில் பால் சொசைட்டிக்கு வந்து பாலை ஊற்றிவிட்டு, அதே கையோடு பக்கத்திலிருக்கும் காலிக் கேனில் வாயை வைத்து ‘ஆ’ என்பார்கள். கேன் நிரம்பியதும் செயலாளர் திருமூர்த்தி மூடியை அழுத்தி எடுத்துக்கொண்டு தலைநகருக்கு ரயிலேறுவான். விவசாயிகளுக்காகக் குரல் கொடுக்கிற சங்கம் சந்தாவாக வேறு எதைத்தான் வாங்கும்?

துறை அதிகாரியின் காதில் அதைப் போட்டுவிட்டு வருவது அவன் வேலை. ஒரு காதில் புனலை வைத்து ஊற்றினால் மறு காது வழியாக வந்துவிடும். சேதாரம் கிடையாது. அந்தப் பக்கம் கேனைப் பிடித்து வாங்கிக்கொண்டு மூன்றாம் நாள் ஊருக்கு வந்து, அவரவருக்கு அளந்து ஊற்றிவிடுவான். பதினோரு வருடமாக இப்படித்தான் நடக்கிறது. மயில் தொல்லை மட்டும் தீரவில்லை.

இந்த வருடம் சந்தாவின் தரம் ரொம்பவே கெட்டுப்போயிருந்தது. தென்னந்தோப்புக்காரர்கள் தங்கள் குரலைப் பத்திரமாக வீட்டில் வைத்துக்கொண்டு, தோட்டத்து ஆட்களின் குரலைக் கொண்டுவந்து ஊற்றினார்கள். அது அதிகாரியிடம் பேசிப் பழகாத குரல். போன வருடம் காதுக்குள் இறங்காமல் புனலிலேயே நின்று, “உள்ள வரலாமுங்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்தது. இன்னும் சிலர் தண்ணீர் கலந்தார்கள். ஆகவே செயற்குழு கூடி, கெட்டியான குரலாக ஒன்றே ஒன்றை அனுப்பினால் போதும் என்று தீர்மானம் போட்டது. ஊரில் கெட்டியான குரல் பாவாத்தாளுடையது.

பாவாத்தாளுக்குக் கரட்டோரமாக, அந்தப் பாறைக் குன்றை ஒட்டி, இரண்டரை ஏக்கர். அவள் அப்பன் அவளுக்கென்று எழுதி வைத்த காடு. அதில் நிலக்கடலை காய் பிடித்திருந்தது. பிடுங்க இன்னும் இருபது நாள். கரட்டிலிருந்து விடிந்ததும் மயில்கள் இறங்கிவரும். மயில் முருகனுடைய வாகனம், நாட்டுக்கே தேசியப் பறவை. கல்லெடுத்து எறிய முடியாது, வலை போட முடியாது. கத்தலாம், அவ்வளவுதான். பாவாத்தாள் வரப்பில் நின்று, “எந்திரிச்சு ஓடு! உங்கொப்பன் ஊட்டுக் காடா இது?” என்று ஒரு சத்தம் போட்டால் கரடு வரைக்கும் ஒரு மயில் மிஞ்சாது. ஒருமுறை தார் ரோட்டில் போய்க்கொண்டிருந்த வைக்கோல் லாரி பின்பக்கமாகவே ஊர் எல்லை வரை போய்விட்டது. அவள் கத்தியது லாரியைப் பார்த்துக்கூட அல்ல.

“காய் புடிக்கிற நேரத்துல கேக்கறயே தம்பி. நான் எதைய வெச்சுக் காடு காக்கறது?” என்றாள், கேனோடு வந்து நின்ற திருமூர்த்தியிடம்.

“மூணே நாளுங்க்கா. ஐயா காதுல போட்டுட்டு ஓடியாந்தர்றனுங். உங்க குரலுக்கு முன்னால ஏதுங்க்கா நிக்கும்? மயில் பிரச்சினை இத்தோட முடிஞ்சுதுன்னு வெச்சுக்கங்.”

“மூணு நாளுன்னா மூணு நாளு.”

“சத்தியமுங்.”

அவள் குனிந்து கேனில் வாயை வைத்தாள். ஒரே மூச்சில் ஐந்து லிட்டரும் இறங்கியது. கேன் சூடாகிவிட்டதால் திருமூர்த்தி துண்டைச் சுற்றித்தான் தூக்கினான்.

மூன்று நாளுக்குக் காடு காக்கும் பொறுப்பு அவள் கணவன் குழந்தைவேலுவுக்கு வந்தது. குழந்தைவேலுவின் குரல் சங்கத்துக் கேனில் அடி நனையக்கூடக் காணாது என்று சந்தாவிலிருந்து விலக்குப் பெற்றது. அவன் வரப்பில் நின்று, “ச்சூ, போங்க சாமி” என்றான். மயில்கள் தலையைச் சாய்த்து, இவனுக்கு உடம்பு எதுவும் சரியில்லையோ என்பது போலப் பார்த்துவிட்டுக் காயைக் கிளறின. பாவாத்தாள் தகரத்தைத் தட்டினாள். முதல் நாள் பறந்தன. இரண்டாம் நாள் தாளத்துக்குத் தோகை விரித்தன. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அதைச் சொல்ல வாயில் ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் திருமூர்த்தி வரவில்லை. ஐந்தாம் நாள் போன் வந்தது. பாவாத்தாள் எடுத்து நகத்தால் தட்டினாள். ஒரு தட்டு என்றால் ‘சொல்’ என்று அர்த்தம்.

“ஐயா காதுல ஊத்திட்டனுங்க்கா. உள்ள போயிருச்சுங். ஆனா வெளிய வரலீங்.”

இரண்டு தட்டு. ‘ஏன்’ என்று அர்த்தம்.

“அதுதானுங் எனக்கும் பயமா இருக்குது. பதினோரு வருசத்துல இப்பிடி ஆனதில்லீங். ஒருவேளை நெசமாலுமே கேட்டுத் தொலைச்சுட்டாரோ என்னமோ.”

அதன் பிறகு பாவாத்தாள் நகம் நோகும் வரை விடாமல் தட்டினாள். அந்தப் பக்கம் திருமூர்த்தி, “திட்டாதீங்க்கா, திட்டாதீங்க்கா” என்று சொல்லிக்கொண்டே இருந்துவிட்டு வைத்துவிட்டான்.

ஒன்பதாம் நாள் அரை ஏக்கர் போய்விட்டது. செடி செடியாகப் பிடுங்கிப் போட்டு, காயை உடைத்து, பருப்பைத் தின்று, தோலை மட்டும் ஒழுங்காக ஒரு ஓரத்தில் குவித்து வைத்திருந்தன. அந்தக் குவியலைப் பார்த்ததும் பாவாத்தாளுக்கு அழுகை வந்தது. சத்தமில்லாத அழுகை அழுகை மாதிரியே இல்லை. எரிச்சலோடு முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாற்றுச் சேலை ஒன்றைப் பையில் திணித்து, அவளே ரயிலேறினாள்.

அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. வாசலில் இருந்தவர் எந்த ஊர் என்று கேட்டார். அவள் தொண்டையைக் காட்டினாள். “ஓ, கொழிஞ்சிப்பாளையமா? நேராப் போய் இடது பக்கம்மா,” என்றார்.

அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கோப்புகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய வலது காதில் சங்கத்துப் புனல் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஒன்பது நாள் தாடியோடு திருமூர்த்தி நின்றிருந்தான். இடது காதில் இன்னொரு புனல் இருந்தது. அதை அலகால் பிடித்துக்கொண்டு ஒரு மயில் நின்றிருந்தது. இன்னொரு மயில் காலடியில் கேனை அணைத்தபடி படுத்திருந்தது. அந்தக் கேனிலும் கொழிஞ்சிப்பாளையம் பால் சொசைட்டி என்றுதான் எழுதியிருந்தது. அந்த ஊர் மயில்கள் வேறு எங்கே போய்க் கேன் வாங்கும்?

“அவங்களும் மனு குடுத்திருக்காங்க,” என்றார் அதிகாரி, தலையைத் திருப்பாமல். “எந்நேரமும் கத்தி வெரட்டுறாங்களாம், பசியோட ஓட வேண்டியிருக்காம். நான் ஒரு தரப்பை மட்டும் கேட்கிற ஆள் இல்லைம்மா. ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல ஊத்தச் சொல்லிட்டேன்.”

ஆக அதுதான் சங்கதி. இரண்டும் நடு மண்டையில் வந்து ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றுவிட்டன. எதுவும் வழிவிடவில்லை. மயிலைப் பற்றிச் சொன்னால் இன்னும் தட்டு விழும் என்றுதான் திருமூர்த்தி போனில் மூச்சு விடவில்லை. அதிகாரிக்கு அதனால் தொந்தரவு எதுவும் இல்லை. விசேஷம் எதற்கும் போகாமல், தலையை அசைக்காமல், ஒன்பது நாளாக ஆபீஸிலேயே இருந்துகொண்டார்.

“பரிசீலனையில இருக்கு,” என்றார். “அவசரப்படக் கூடாது.”

அங்கே காய் போகிறது, இங்கே பரிசீலனையாம். பாவாத்தாளுக்கு மேசையைத் தூக்கிப் போடலாம் போலிருந்தது. போடவில்லை. சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து மூன்று பேர் வந்து, அவளிடம் என்ன வேண்டும் என்று கேட்டு, பதில் வராததால், குறை எதுவும் இல்லை என்று குறித்துக்கொண்டு போனார்கள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ராத்திரி முழுக்க ரயிலில் நின்றே வந்த உடம்பு. மூன்றரை மணிக்கு அவளையறியாமல் ஒரு கொட்டாவி வந்தது. குரல் இல்லாத தொண்டை அல்லவா, அடைப்பு எதுவும் இல்லாமல் அகலமாக வந்தது.

அதைப் பார்த்துத் திருமூர்த்தி கொட்டாவி விட்டான். அவனைப் பார்த்து மயில் விட்டது. அப்புறம் அதிகாரியும் விட்டார். கொட்டாவி விட்டால் காதடைப்பு விலகும். மண்டைக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

வலது புனல் வழியாகக் குரல் கொட்டத் தொடங்கியதும் திருமூர்த்தி பாய்ந்து கேனைப் பிடித்தான். இடது பக்கம் மயில்கள் தங்கள் கேனைப் பிடித்தன. சொட்டுக்கூடக் கீழே சிந்தவில்லை. அதிகாரி காதைத் துடைத்துக்கொண்டு இரண்டு மனுக்களிலும் ‘கேட்கப்பட்டது’ என்று எழுதி முத்திரை வைத்தார். மயில்கள் தலையைத் தாழ்த்தி வணங்கிவிட்டுக் கேனோடு ஜன்னல் வழியாகக் கிளம்பின. அவற்றின் கேனைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தது.

“அளவு சரியா இருக்குதுங்க்கா. அஞ்சு லிட்டர். ஊருக்குப் போய்க் குடிச்சுக்கங், ரயில்ல குலுங்கும்,” என்றான் திருமூர்த்தி. கேன் அவன் கையில் சில்லென்று இருந்தது.

பாவாத்தாள் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் காட்டுக்கு வந்தாள். அவள் இல்லாத நாட்களில் இன்னொரு அரை ஏக்கர் போய், ஒன்றரை ஏக்கர் மிச்சமிருந்தது. குழந்தைவேலு, “போங்க சாமி” என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவள் கேனைத் திறந்து கடைசிச் சொட்டு வரை குடித்தாள். கொஞ்சம் புளித்தது. வாயைத் துடைத்துக்கொண்டு, இடுப்பில் கைவைத்து, பத்துப் பதினைந்து நாளாகச் சேர்த்து வைத்திருந்த ஆத்திரத்தையெல்லாம் திரட்டி ஒரு சத்தம் போட்டாள்.

நீளமான, அருமையான அகவல் ஒன்று வந்தது. காட்டில் மேய்ந்துகொண்டிருந்த மயில்கள் நிமிர்ந்து மரியாதைக்குப் பதில் கொடுத்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டன. அவள் இன்னொரு முறை முயன்றாள். முன்னதைவிட நன்றாகவே வந்தது.

அப்போது வேலிக்கல்லின் மேலிருந்த மயில் ஒன்று கழுத்தை நீட்டியது.

“எந்திரிச்சு ஓடு! உங்கொப்பன் ஊட்டுக் காடா இது?”

அது அவள் அப்பன் காடுதான். பத்திரம்கூட வீட்டுப் பெட்டியில் இருந்தது. ஆனால் அந்தக் குரலுக்கு முன்னால் இதுவரை எதுவும் நின்றதில்லை. குழந்தைவேலு ஏற்கெனவே வரப்பைத் தாண்டித் தார் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தான். பாவாத்தாள் குனிந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, போகிற வழியில் செடி எதையும் மிதித்துவிடாமல், அவன் பின்னால் ஓடினாள்.