வந்த நேரம்

கொள்ளி வைத்ததும் திரும்பிப் பார்க்காமல் நடக்கச் சொன்னார்கள். குணசேகரன் நடந்தான். மொட்டையடித்த தலையில் நாலு மணி வெயில் சுள்ளென்று இறங்கியது. மயானக் கொட்டகையைத் தாண்டிப் பத்தடி போன பிறகுதான், சுவரோரம் குவித்திருந்த அண்ணனுடைய பாய், தலையணைக்கு நடுவில் கறுப்பாக, நீளமாக ஒன்று கிடந்தது அவனுக்கு உறைத்தது. நின்றான்.

"நடங்க மாப்ள, நிக்கக் கூடாது" என்று அக்காவின் கணவர் முதுகில் கை வைத்தார்.

கொள்ளி வைத்தவன் திரும்பியே விட்டான். கூட வந்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் ஆளுக்கொரு திசையைப் பார்த்தார்கள். எரிகிற பக்கம் கண் போகாமல், குனிந்த தலையோடு குவியலிடம் போய்ப் பையின் ஜிப்பைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தான். சிவப்பு கிட்டார். கீறல் விழுந்துவிடும் என்று அண்ணன் உரிக்கவிடாமல் வைத்திருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள் இன்னும் அதன் மேல் அப்படியே இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அவனும் கும்பகோணம் போய் வாங்கி வந்தது அது. அண்ணன் சிங்காரவேலுவுக்குக் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி அள்ளும் வண்டி ஓட்டும் வேலை. ஏழாவது படிக்கும் மகள் காவ்யா ஒரு வருஷமாக கிட்டார், கிட்டார் என்று பிடுங்கி எடுத்துக்கொண்டிருந்தாள். கடையில் இருப்பதிலேயே சின்ன விலைக்கு எது என்று அண்ணன் கூச்சமில்லாமல் கேட்டார். கடைக்காரர் இரண்டு மூன்றை எடுத்துக் காட்டினார். கரண்டில் வாசிக்கிற இந்தச் சிவப்பு கிட்டாருக்குக் கம்பி மெல்லிசு, புதிதாகப் பழகும் பிள்ளைக்கு விரல் அவ்வளவாக வலிக்காது, ஆனால் தனியாக ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டி வாங்கி மாட்டினால்தான் ஊருக்குக் கேட்கும் என்றார்.

"ஆம்ப் இல்லேன்னா?"

"பக்கத்துல உக்காந்தா கேக்கும்."

"அது போதும், கட்டிக் குடுங்க" என்றார் அண்ணன். பஸ்ஸில் அதை மடியை விட்டு இறக்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் துப்பாக்கியா என்று கேட்டதற்கு, ஆமாம், எம் பொண்ணோடது என்று சிரித்தார். குணசேகரன் பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

மயானத்துக் காவலாள் பக்கத்தில் வந்து நின்றார். பாடையோடு வரும் பாயும் துணியும் அவருக்குச் சேர வேண்டியவை. அதில் எதையும் யாரும் திரும்பக் கேட்டதில்லை.

"இது எங்க அண்ணன் பொருள் இல்லங்க. அவரு பொண்ணோடது. தெரியாம வந்துட்டுது."

"இங்க வந்தது வீட்டுக்குத் திரும்பாதுங்களே. உங்க வீட்ல ஒத்துக்குவாங்களா?"

பேசிக்கொள்கிறேன் என்றான். அவர் ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு தோள் துண்டால் பையின் மண்ணைத் தட்டி எடுத்துக் கொடுத்தார்.

வாய்க்காலில் முழுகும்போது பையைக் கரையில் வைத்தான். மற்றவர்கள் அதை ஒட்டியிருந்த படியை விட்டு அடுத்த படிக்குப் போனார்கள். வீடு இருக்கும் தலத்தெரு வரையில் அவனுடன் சேர்ந்து யாரும் நடக்கவில்லை. கிட்டாருக்குத் தீட்டு ஒட்டியதோ இல்லையோ, அவனுக்கு நன்றாகவே ஒட்டிவிட்டது.

அவனுக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. கோபம் முழுவதும், கிட்டாரைப் பாயோடு அனுப்பியிருப்பாள் என்று அவன் நினைத்த அக்கா சந்திராவின் மேல் இருந்தது. காலையில் ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்த அண்ணனைப் பத்து மணிக்கு அண்ணி மலர்க்கொடி டீயோடு எழுப்பியபோது உடம்பு சில்லிட்டிருந்தது. பதினொரு மணிக்கு வந்து விழுந்த அக்கா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவில் சுவரில் சாய்ந்திருந்த கறுப்புப் பையைக் கண்டுவிட்டாள்.

"வந்த நேரம் சரியில்லையே, நாலே நாளுல எந்தம்பியக் கொண்டுட்டுப் போயிட்டுதே..."

அழுகிறவர்கள் என்னவெல்லாமோ சொல்வார்கள். மருமகள் வந்த நேரம், மாடு வந்த நேரம், வண்டி வந்த நேரம் என்று யார் தலையிலாவது போடுவார்கள். காவ்யாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் கூட்டி வந்திருந்தார்கள். யூனிஃபார்மோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். குணசேகரனுக்கு அக்காவின் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது. பந்தல்காரன் கூப்பிட்டதால் போய்விட்டான்.

அண்ணனைக் கொண்டுபோனது கிட்டார் இல்லை. நெஞ்சு வலிக்கிறது என்று ஆறு மாசமாகச் சொல்லிக்கொண்டே ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமல் இருந்தாரே, அதுதான். வேலை முடிந்து வந்து படுத்தபடியே, பிள்ளை வாசிக்கிற கிட்டாரின் கட்டையில் காதை ஒட்டவைத்துக் கேட்டுவிட்டுத்தான் நாலு நாளும் தூங்கினார். அதை அக்காவிடம் நாலு பேர் முன்னால் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு நடந்தான்.

வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். அண்ணன் தலைவைத்துப் படுத்திருந்த இடத்தில் விளக்கு எரிந்தது. வருகிறவர்கள் கால் கழுவ, சந்திரா ஈரத்தலையோடு வாசலில் தண்ணீர்க் குடத்துடன் நின்றாள். பையைப் பார்த்ததும் முகம் மாறியது.

"என்னடா இது? அங்கேருந்தா எடுத்துட்டு வர்ற?"

"புள்ள பொருளப் பாயோட சுருட்டிப் போட்டு அனுப்ப உனக்கு எப்படிக்கா மனசு வந்துச்சு?"

"நான் அதத் தொடக்கூட இல்லடா."

அவள் பொய் சொன்னால் உடனே தெரிந்துவிடும். இது பொய் இல்லை. அவன் உள்ளே பார்த்தான். மலர்க்கொடி சுவரில் சாய்ந்து எதையும் கேட்காதவள் போல உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்திலிருந்து காவ்யா எழுந்து நிலைப்படி வரை வந்தாள்.

"நான்தான் சித்தப்பா வச்சேன்."

கையால் பையைக் காட்டினாள்.

"அதுதான் அப்பாவக் கொண்டுபோச்சுன்னு அத்தை சொன்னாங்கல்ல. பாயெல்லாம் வண்டில ஏத்தினப்ப அதுக்குள்ள வச்சிட்டேன்." அழவில்லை. "இனிமே நான் எதுவும் கேக்க மாட்டேன் சித்தப்பா."

அண்ணன் இறந்ததைவிட இதுதான் குணசேகரனுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. ஈர வேட்டியோடு, பையைக் கட்டிப் பிடித்தபடி அப்படியே நின்றான்.

சந்திரா குடத்தைக் கீழே வைத்தாள். படியிறங்கித் தெருவுக்கு வந்து அவன் கையிலிருந்த பையை வாங்கினாள். யாரோ ஒரு கிழவி, தண்ணியாவது தெளிச்சு எடுத்துட்டுப் போயேன் சந்திரா என்றாள். பிறர் துணி மேலே பட்டால்கூடத் தீட்டு பார்க்கிறவள் சந்திரா. காதில் வாங்காமல் பையைத் தோளோடு அணைத்துக்கொண்டு, காவ்யாவைக் கடந்து உள்ளே போனாள்.

கழுவிய தரை இன்னும் ஈரமாக இருந்தது. விளக்குக்கு அருகில் குந்தி உட்கார்ந்து, முந்தானையால் தரையை நீளமாகத் துடைத்துப் பையை அந்த இடத்தில் கிடத்தினாள். பிறகு அதை ஒட்டி இன்னும் கொஞ்சம் துடைத்தாள், ஒரு சின்னப் பிள்ளை உட்காரும் அளவுக்கு.