புத்தாண்டுக்கு அறுத்த பூ

புத்தாண்டு காலையில் கதவைத் திறந்தேன். என் கிளாடியோலஸ் செடி ஒன்றுகூட இல்லை. பெயின்ட் வாளிகளில் வெறும் அடிக்கட்டைதான் நின்றது, நெல் அறுத்த வயல் மாதிரி.

அறுத்தது என் மாமனார் சுப்புராயன். கட்சித் தலைவருக்கு வாழ்த்துச் சொல்லப் போகிறவருக்குப் பூங்கொத்து வேண்டாமா? "வூட்லயே பூவ வச்சிக்கினு கடைக்கு இன்னாத்துக்குப் போவணும்?" என்று என் கணவர் செழியனிடம் சொல்லிவிட்டுப் போனாராம். இவரும் தலையாட்டியிருக்கிறார்!

கிழங்குகள் வெள்ளிமலையில் இருக்கும் என் தங்கை கொடுத்தவை. தியாகதுருகத்து வெயிலில் இதெல்லாம் எங்கே பூக்கும் என்று வீட்டில் சிரித்தார்கள். பனிக்காலத்தில் பூக்கும், பாருங்கள் என்றேன். ஐப்பசி மழையில் கிழங்கு அழுகிவிடாமல் ஒவ்வொரு வாளியாகத் தாழ்வாரத்துக்குத் தூக்கி வைத்தது நான். இடுப்பு இன்னும் வலிக்கிறது. நேற்றுதான் தண்டின் அடிமொட்டு லேசாகச் சிவப்புக் காட்டியது. ஒரு பூ, ஒரே ஒரு பூ விரிந்து நான் பார்க்கவில்லை. அதுவும் மனுஷர் இலையோடு சேர்த்து அறுத்திருக்கிறார். பூ முடிந்த பிறகும் இலை நின்றால்தான் கிழங்கு அடுத்த வருஷத்துக்குத் தேறும். இந்த வருஷமும் போச்சு, வருகிற வருஷமும் போச்சு.

நேராகக் கட்சி ஆபீசுக்கே போனேன். நான் நுழையவும் மாமா கொத்தை நீட்டவும் சரியாக இருந்தது. தலைவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. வாங்கிய கையோடு பின்னால் கொடுத்தார். பின்னால் நின்றவர் மூலையில் எறிந்தார். அங்கே ஏற்கெனவே பூங்கொத்துகள் குவிந்து கிடந்தன. என் மொட்டுகள் மேல் அடுத்த கொத்து வந்து விழுந்தது.

இதற்கா நான் வாளி தூக்கினேன்? வரிசையை இடித்துக்கொண்டு போய் என் பூவை உருவி எடுத்தேன்.

"யாருப்பா இந்தம்மா?" என்றார் தலைவர்.

மாமா என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"தெரியலீங்க தலைவரே. யாரோ."

பூவை அறுத்ததைக்கூட மன்னித்திருப்பேன்.

மத்தியானம் மாமா வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தார். நான் பூத்தண்டுகளைக் குடத்துத் தண்ணீரில் நிறுத்திக்கொண்டிருந்தேன்.

"சந்தியா, சோறு போடும்மா."

நான் திரும்பவில்லை. செழியனைக் கூப்பிட்டேன்.

"ஏங்க, வூட்டுக்கு யாரோ வந்துக்கிறாங்க. யாருன்னு கேளுங்க."